ஓடைப் பாலத்தோடு முடிந்த ஊர்

ஆனைமறித்தான் பேரூராட்சித் தலைவர் சண்முகவேலுவுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள மனமில்லாததால் அந்த ஊர் ஒரு புதன்கிழமை காலையில் பெரிதாகிப்போனது. பெரிதானதில், ஓரத்தில் இருந்த காலனி ஊருக்கு வெளியே போய்விட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, முன்பும் அது ஓரமாகத்தானே இருந்தது என்று ஊரார் பிற்பாடு சொன்னார்கள்.

சண்முகவேலு தேர்தல் சுவரொட்டிக்குத் தன் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படத்தைத்தான் கொடுத்திருந்தார். அந்த முகத்துக்குத்தான் ஊர் ஓட்டுப் போட்டது, ஆகவே அந்த முகத்தின் மேல் கண்ணாடி ஏறக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஆனால் வீட்டுவரிக் கம்ப்யூட்டரில் எழுத்துகள் கடுகு கடுகாகச் சிதறித் தெரிய, அவர் நாற்காலியை முன்னே இழுத்தும் பின்னே தள்ளியும் பார்த்து அலுத்துப்போய், ஒப்பந்த ஆபரேட்டர் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். தங்கபுஷ்பம் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். அவை கட்டங்களை மீறி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கடைசியில் வரி புரோகிராமுக்குள்ளேயே சில கட்டளை வரிகள் எழுதினாள். புரோகிராம் திறந்ததும் அது திரையின் ரெசல்யூஷனைக் குறைத்துவிடும், அதாவது திரையை நிரப்பும் புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும், புள்ளி பெரிதானால் எழுத்தும் படமும் எல்லாமே பெரிதாகும். புரோகிராமை மூடும்போது பழைய அளவு என்னவோ அதற்கே திரும்பிவிடும். ஒரே சிக்கல், பெரிதானவை எல்லாம் திரைக்குள் கொள்ளாது, வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் உள்ளவை வெளியே போய்விடும். அது அவளுக்குத் தெரியும், அதனால் ஓரத்தில் இருந்த பொத்தான்களை எல்லாம் முன்யோசனையோடு நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். ஓரத்தில் வேறு என்ன இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை அலுவலகம் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, அவள் புரோகிராமைத் திறந்ததும் திரை ஒருதரம் இருண்டு வெளுத்தது. எழுத்துகள் கத்தரிக்காய் பருமனில் வந்து நின்றன. சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் இலைகள் குறைந்து, மிச்சமிருந்தவை உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாகத் தொங்கின. முப்பிடாதி அம்மன் கோயில் கோபுரத்தில் நெருக்கியடித்து நின்ற பொம்மைகள் ஏழெட்டாகி, அந்த ஏழெட்டும் ஆளுயரம் வளர்ந்து நின்றன. உலையில் வெந்த அரிசி மொச்சைக்கொட்டை அளவில் பொங்கி வந்தது. ஒரு புள்ளிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாய் இருந்த எதுவும் புதிய கணக்கில் இல்லாமல் போனதால் எறும்பு போனது, கொசு போனது, முகத்துச் சுருக்கம் போனது, அம்மைத் தழும்பு போனது. தலைமை எழுத்தர் பகவதிக்கு ஸ்டவ் வெடித்துக் கழுத்தில் விழுந்திருந்த தீத்தழும்பு போனது. அவள் பீரோ கண்ணாடியின் முன்னால் போய் நின்றவள் நின்றபடியே அழுதாள்.

கிழக்கே ஓடைப் பாலம் வரைக்கும் ஊர் இருந்தது. பாலத்தின் நடுவில் அது முடிந்தது. அங்கே சுவர் இல்லை, பள்ளம் இல்லை, இருட்டும் இல்லை. பார்வை அதற்கு மேல் போகவில்லை, அவ்வளவுதான். நடந்தால் கால் மட்டும் முன்னே போகும், ஆள் போகமாட்டார். மவுஸை என்னதான் தள்ளினாலும் அம்புக்குறி திரையின் ஓரத்தில் நின்ற இடத்திலேயே நிற்குமே, அப்படி. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் காலனி. அங்கேதான் தங்கபுஷ்பத்தின் தகர வீடும், காய்ச்சலென்று சுவருக்கு வர்ணமடிக்கும் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த அவள் கணவன் சந்தனராஜும், அவனோடு அவள் விட்டுவிட்டு வந்திருந்த மகள் தன்ஷிகாவும் இருந்தார்கள். விடியற்காலையில் ஊர்த் தெருக்களைப் பெருக்கிய பெண்களும் பழைய சோறு குடிக்க வீடு திரும்பியிருந்த நேரம் அது. காலனியில் பிறந்தவர்களில் அந்தக் கணத்தில் ஊருக்குள் இருந்தது தங்கபுஷ்பம் ஒருத்திதான்.

அவள் பாலத்துக்கு ஓடினாள். ஓரத்தில் நின்றுகொண்டு நடந்தாள், நடந்து நடந்து செருப்பு அறுந்தது. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அன்று காலையில் தலை சீவும்போது அது முரண்டு பிடித்ததும், இவள் சீப்பால் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பின்னியது போதும் போ என்று விட்டுவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்து, அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகுதான் புரோகிராமை மூடினால் போதுமே என்று உறைத்தது. அவள் திரும்பி ஓடி வந்து சேர்ந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. அலுவலக உதவியாளர் இசக்கி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது வழக்கம்போல் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஒருமுறை இடி இறங்கி ஃபேன் கருகியதிலிருந்து அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டரை அணைப்பது என்றால் மெயினை இறக்குவதுதான். அவள் பலதடவை சொல்லியும் இசக்கி கேட்டதில்லை.

புரோகிராம் மூடப்படாமலேயே செத்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு திறந்து மூடினாள், திறந்து மூடினாள், ஒன்றும் மாறவில்லை. திறக்கும்போது இருக்கும் அளவைப் பழைய அளவென்று நினைவில் வைத்துக்கொண்டு மூடும்போது அதற்கே திரும்பும்படிதான் அவள் எழுதியிருந்தாள். இப்போது திறக்கும்போதே ஊர் பெரிதாக இருந்தது, ஆகவே அது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று புரோகிராம் நம்பிவிட்டது. சரி, கையாலேயே மாற்றிவிடலாம் என்று அவள் திரும்பியபோது அறை நிறைய ஆள் நின்றது. தலைவர் நடுவில் நின்றார், சுருக்கமில்லாத, சுவரொட்டியில் இருந்த அதே முகத்தோடு.

"தலைவரய்யா, காலனியைக் காணல. பாலத்தோட நிக்குது. எம் பிள்ள அங்க இருக்கு," என்றாள்.

"எங்க போயிரப் போகுது? இருக்கும். பதறாத."

"ரெண்டு நிமிஷம் குடுங்கய்யா, நான் கையால மாத்திருதேன்."

"பொறு பிள்ள," என்றார் சண்முகவேலு. "வந்திருக்க பெரியாளுக எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியுதாம். கொசு இல்லங்காவ. ஒருத்தருக்குச் சங்கடம்னு ஒடனே ஊரப் பூராவும் சின்னதாக்க முடியுமா? பேசித்தான் செய்யணும்."

பேசினார்கள். பேசி, இப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டர் பெட்டியைத் தூசியிலும் பல்லிப் புழுக்கையிலும் போட்டு வைப்பது முறையல்ல என்று முடிவாகி, சாயங்காலத்துக்குள் அதைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டுபோய் அம்மன் கோயில் உள்மண்டபத்தில் வைத்தார்கள். அம்மனின் முகமும் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாசலில் நிற்பவர்களுக்கும் தெரியும்படி அகன்று மலர்ந்திருந்ததால், பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு ஒரு எலுமிச்சம்பழமும் முன்னால் வைத்தார்கள். இசக்கிக்கு அதன் ஒயரை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. காலனிக்காரர்கள் அந்த மண்டபத்துக்குள் நுழையக் கூடாதென்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, எழுதி வைத்தால் கேஸ் ஆகும். தங்கபுஷ்பம் மறுநாள் படி ஏறியபோது நாலு பையன்கள் சிரித்த முகமாக வழியில் நின்று, "ஒங்களுக்கே தெரியும்லாக்கா," என்றார்கள். அவளுக்குத் தெரியும்.

அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் அவள் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். திரைதான் மாறியது, ஊர் மாறவில்லை. வாடகைக்கு அவளுக்கு ஒருவரும் வீடு தராததால் பகவதி மேலிடத்தில் கேட்காமலே பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் ஒரு பாயும் மின்விசிறியும் போட்டுக்கொடுத்தாள். பகவதி நல்ல மனசுக்காரி. தினமும் வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவந்து கொடுத்து, "எல்லாம் சரியாயிரும் தங்கம்," என்பாள், சொல்லும்போதே கை கழுத்துக்குப் போய் வழவழவென்று இருக்கும் தோலைத் தடவிக்கொண்டு வரும்.

ஊர் பழகிப்போனது. எவ்வளவு சீக்கிரம் பழகிப்போனது என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. காலனிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்துவிட வேண்டியிருந்த தொட்டித் தண்ணீர் ஊருக்கே முழுவதும் கிடைத்தது. சுடுகாட்டுக்குப் போகும் பாதையைப் பற்றிக் காலனிக்காரர்கள் போட்டிருந்த வழக்கு, அவர்கள் ஆஜராகாததால், ஊருக்குச் சாதகமாக முடிந்தது. பெருக்க ஆளில்லாமல் தெருவில் குப்பை சேர்ந்தாலும், அழுக்கு என்பது பெரும்பாலும் நுணுக்கமான பொருளாகையால் பாதி கண்ணுக்குப் படவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஊர்ப்படம் வரைந்தபோது கிழக்கே ஓடைப் பாலத்தைப் பாதி போட்டு அதோடு தாளை முடித்தார்கள், வாத்தியார் சரியென்று குறி போட்டார். குளத்தின் தெற்குக் கரையும்கூடப் போய்விட்டிருந்தது. அதை யாரும் தேடவேயில்லை.

தங்கபுஷ்பம் ஒவ்வொரு வார்டு உறுப்பினர் வீட்டுக்கும் நடந்தாள். கோயில் கொடை விழா முடியட்டும் என்றார்கள், கொடை முடிந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார்கள், பரீட்சை முடிந்து பிள்ளைகள் தேறினார்கள். அறுப்பு முடியட்டும் என்றார்கள், அறுப்புக்கு வெளியூரிலிருந்து இயந்திரம் வந்து அறுத்துவிட்டுப் போனது. ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்றிருந்தால் அவள் காலையாவது பிடித்திருப்பாள், இல்லை கல்லையாவது எடுத்திருப்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் டைகர். டைகர் காலனி நாய். அந்தப் புதன்கிழமை அது ஊருக்குள் மேய்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது ஊர் மாறியதால், அதன் முன்பாதி அந்தப் பக்கமும் பின்பாதி இந்தப் பக்கமுமாக நின்றுபோனது. இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. இரண்டு பின்னங்கால்களும் ஒரு வாலுமாக அது அங்கேயே நின்றது, கால் ஓய்ந்தால் உட்கார்ந்தது, பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி விளையாடின. தினமும் சாயங்காலம் அந்த வால் ஆடும். ஆடுவதென்றால் இடமும் வலமுமாக அடிபோல் விழும். தன்ஷிகா அந்த நேரத்தில்தான் டீக்கு வாங்கின ரஸ்க்கில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அதற்குப் போடுவாள். அலுவலகம் முடிந்ததும் தங்கபுஷ்பம் பாலத்துக்கு வந்து உட்கார்ந்து, வால் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். தன் மகள் ஒரு முழம் தள்ளி நிற்கிறாள், கை நீட்டியிருக்கிறாள், ரஸ்க் கிடைக்கிற அளவுக்கு அங்கே ஏதோ நடக்கிறது என்பதற்கு அந்த வால்தான் சாட்சி. அவள் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அன்றன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்லுவாள்.

பிறகு வால் ஆடுவது குறைந்தது. எலும்பு துருத்தியது. ஒரு சாயங்காலம் அவள் வந்தபோது பின்பாதி ஒருக்களித்துக் கிடந்தது, கால் விறைத்திருந்தது. நாய்க்குப் போட ஒன்றுமில்லை என்றால் நாய்க்குப் போடுகிற பிள்ளைக்கு என்ன இருக்கும்?

ஊருக்கு வேறு கவலை வந்தது. புள்ளிகள் குறைந்தால் பார்வைக்குத்தான் எல்லாம் குறையும், நாற்றத்துக்குப் புள்ளி கிடையாது. கிழக்குக் காற்றில் அது தெருத்தெருவாக ஏறி, கோயிலுக்குள் போய், தலைவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. செத்ததைத் தொட்டு எடுக்க ஊரில் ஒரு கை இல்லை. வெளியூரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் பாதி நாயைப் பார்த்ததும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சண்முகவேலு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தங்கபுஷ்பத்தின் மேசைக்கே வந்தார்.

"அது ஒங்க பக்கத்து நாய்தான, தங்கம்?"

"ஆமாய்யா."

"இல்ல, வழக்கமா ஒங்க ஆளுகதான் எடுப்பாக. அதான், நீ கொஞ்சம் கைபோட்டேன்னா..."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அதைவிடக் கேவலமாக ஒரு யோசனைதான் வந்தது.

"பாதிய எடுக்க முடியாதுய்யா, மீதி அங்க கெடக்குல்லா. ஊரு முன்ன இருந்த அளவுக்கு வந்தா முழுசா வரும்."

"வந்தா?"

"வந்தா எங்க ஆளுக எடுப்பாக."

"எடுப்பாகளா? போன வருஷம் ஒம் மாப்பிள்ளையும் மத்த பயலுகளும் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, இனிமே செத்தத எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டுல்லா போனானுவ?"

"எடுப்பாக. நான் சொல்லுதேன்."

சந்தனராஜ் அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனதும், திரும்பி வந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் சிரித்துக்கொண்டே கிடந்ததும் அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் அந்த மேசையில் வைத்து விற்றாள். மகள் வேண்டும், வேறு எதுவும் அவளுக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

தலைவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகு, ஒரு ஊரையே திரும்பக் கொண்டுவருவதைச் சத்தமில்லாமல் செய்வார்களா? நாள் பார்த்தார்கள். கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். 'காலனி மீட்புப் பெருவிழா' என்று தலைவரின் கல்யாணப் படத்தோடு பேனர் நின்றது, தேதி போட்டு ஒரு கல்வெட்டும் தயாரானது. பெட்டியை மண்டபத்திலிருந்து பந்தலுக்குக் கொண்டுவந்து, தங்கபுஷ்பத்தை மட்டும் அதன் அருகில் விட்டுத் தயார் பண்ணச் சொன்னார்கள். அவள் கை பட்டபிறகு தெளிக்க மஞ்சள் தண்ணீர் ஒரு செம்பில் பக்கத்திலேயே இருந்தது.

புரோகிராமை அவள் திறக்கவேயில்லை. பழைய அளவை அதற்குள் எழுதிவிட்டால் ஒரே தட்டில் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனையும் வந்தது அந்தப் புரோகிராம் யாரையும் கேட்காமல் செய்ததால் என்று அவள் இந்த மாதங்கள் முழுக்க நினைத்து நினைத்து, இனிமேல் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மனதில் ஊன்றிப்போயிருந்தது. கையால் மாற்றினால் கம்ப்யூட்டர் கேட்கும். தானே அந்த நிமிஷமே தட்டிவிடலாம் என்றும் விரல் துடித்தது. துடித்தாலும், இவள் தட்டியதை இவர்கள் ஒரு மணி நேரத்தில் அந்தப் புரோகிராமைத் திறந்து திருப்பிவிடுவார்கள். தலைவரே மைக் முன்னால் தட்டினால் எவரும் திருப்ப மாட்டார்கள் என்று அடக்கிக்கொண்டாள். பழைய அளவைத் திரையில் தேர்ந்து வைத்துவிட்டு எழுந்து, தலைவரையும் பகவதியையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இங்க 'சரி'ன்னு இருக்கத மொதல்ல அமுக்குங்க. ஊர் மாறிரும். மாறினதும் ஒரு கேள்வி கேக்கும், இப்படியே வச்சுக்கவா, பழையபடி போகவான்னு. பதினஞ்சு விநாடிக்குள்ள 'வச்சுக்கொள்'ங்கிறத அமுக்கிரணும். அமுக்கலன்னா அதுவா திரும்பிப் போயிரும்."

"அது எதுக்குக் கேக்குது?" என்றாள் பகவதி.

"தப்பான அளவா இருந்து ஆளுக்குத் திரையே தெரியாமப் போயிட்டா என்னக்கா செய்ய முடியும்? பதில் சொல்ல யாருமில்லன்னா, சரிப்படலன்னு நெனச்சுத் திருப்பிரும்."

"ரெண்டு அமுக்கு. அவ்வளவுதான?" என்றார் தலைவர். "நீ பாலத்துக்குப் போ. வரவேற்க ஒங்க பக்கத்து ஆளு ஒண்ணு வேணும்லா, படத்துக்கு." அவள் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்கள்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதில் பந்தலில் பேசுவதெல்லாம் கேட்டது. வரவேற்புரை ஆற்றினார்கள், வார்டு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வாழ்த்தினார்கள், வெயில் ஏறியது, பூங்கொத்து வாடியது. பிறகு நாகஸ்வரம் வாசித்தார்கள். "இதோ நமது அன்புத் தலைவர் அவர்கள் தம் பொற்கரங்களால்" என்று ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாலத்தின் மறுபாதி வந்தது.

எல்லாம் வந்தது. அவள் உள்ளங்கையில் ரேகைகள் வந்தன. காலடியில் எறும்பு ஊர்ந்தது. நாயின் முன்பாதியைக் காலனிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் மண்போட்டு மூடி மேலே ஒரு ஆவாரங்கொத்து வைத்திருந்தார்கள். பாலத்துக்கு அப்பால் ஓடை மணலை ஆளுயரத்துக்குத் தோண்டி ஊற்று எடுத்திருந்தார்கள், ஊற்றைச் சுற்றிக் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன, குடங்களுக்குப் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் கன்னம் ஒட்டி எழுந்து நின்றன. சந்தனராஜ் நின்றான். அவன் காலைக் கட்டிக்கொண்டு, முன்பு போட்டிருந்த சட்டையே இப்போது தொளதொளக்க, தன்ஷிகா நின்றாள்.

"தன்ஷி, அம்மாட்ட வா," என்றாள் தங்கபுஷ்பம்.

பிள்ளை வரவில்லை. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போன அம்மாவைப் பாலம் விழுங்கிவிட்டது என்று அது நம்பியிருந்தது, ஆகவே பாலத்துப் பக்கம் கால் வைக்கமாட்டேன் என்று அப்பாவின் லுங்கிக்குள் முகத்தைப் புதைத்தது. தங்கபுஷ்பம் பூங்கொத்தைப் போட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி ஓடி, பிள்ளையை வாரித் தூக்கினாள். தக்கையாக இருந்தது. "வாங்க, வாங்க, இந்தப் பக்கம் வந்துருங்க எல்லாரும்," என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கரில் வேறொரு குரல் கேட்டது.

"தலைவரே, அப்படியே, அப்படியே. கை பட்டன் மேலயே இருக்கட்டும். இங்க பாருங்க."

"தலைவரே, அடுத்தது அமுக்கணும்," என்றது பகவதியின் குரல், மைக்குக்குத் தள்ளி எங்கிருந்தோ.

"மேடம், கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது. பொன்னாடை யாரு போர்த்துறா? துணைத்தலைவர் வாங்க. தலைவரே, சிரிச்ச மாதிரி."

தங்கபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. "அமுக்குங்க," என்று கத்தினாள், "படம் பெறவு எடுக்கலாம், அமுக்குங்கய்யா." ஸ்பீக்கர் பேசத்தான் செய்யும், கேட்காது, பந்தலில் வெடி போட்டார்கள். அவள் பிள்ளையோடு பாலத்தை நோக்கித் திரும்பி ஓடினாள். தன்ஷிகா அலறிக்கொண்டு பின்னால் அப்பாவின் சட்டையை எட்டிப் பிடித்தது, பிடித்த கையை விடவில்லை. சந்தனராஜ் ஒன்றும் புரியாமல், காய்ச்சலில் விழித்தவனைப்போல நின்றுகொண்டிருந்தான். தங்கபுஷ்பத்தின் ஒரு கால் நடுக்கோட்டில் இருந்தது. தனியாக என்றால் தாண்டிவிடலாம், தாண்டி நாளைக்கு மறுபடி ஒவ்வொரு வீடாகப் போய் நிற்கலாம். பிள்ளையோடு என்றால் பிள்ளையின் கை நீண்டு பின்னால் கிடக்கிறது. கீழே பாதி மண் மூடிய நாய் கிடந்தது.

"இன்னும் ஒரே ஒரு ஸ்டில், தலைவரே."

அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. பாலம் பாதியோடு முடிந்தது, அதற்கு அப்பால் கோயில் இல்லை, பந்தல் இல்லை, வெடிச் சத்தமும் இல்லை. இந்தப் பக்கம் எதுவும் பெரிதாகவில்லை. கருவேல மரத்தில் இலைகள் பொடிப்பொடியாக ஆடின, ஈ மொய்த்தது, முகங்களில் இருந்த சுருக்கம் எல்லாம் இருந்தபடி இருந்தது. ஊருக்குள் பிறகு என்ன நடந்ததென்று காலனியில் ஒருவருக்கும் தெரியாது. படம் நன்றாக வந்திருக்கும், கல்வெட்டைத் திறந்திருப்பார்கள், திறந்து வைத்தாயிற்று என்றால் அந்த ஊரில் காரியம் முடிந்துவிட்டது என்றுதான் பொருள்.

ஊற்றடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு டம்ளரில் கலங்கல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் குடித்தாள். தன்ஷிகா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுது ஓய்ந்து, மடியிலேயே உறங்கிப்போனது. சந்தனராஜ் அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தான்.

"மறுபடி செய்வாங்கள்லா?" என்றான்.

"அவங்களுக்குப் பட்டன அமுக்கத்தான் தெரியும், அளவ எடுத்து வைக்கத் தெரியாதுங்க."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியும்," என்றாள் தங்கபுஷ்பம். "எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்."